பதில்: பேர் போடாத குரூப்ல எழுதுனது ஊருக்கே தெரிஞ்சிடுச்சு

தங்கச்சி, குடிப்பழக்கத்தப் பத்திப் பேசுற டெலிகிராம் குரூப்ல அப்பாவப் பத்தி நீங்க எழுதுனத யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளிய விட்டுட்டாங்க, பேரே போடலயே எப்படி கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டிருக்கீங்க. 'அப்பா பழைய மண்டோரு (தோட்டத்து மேஸ்திரி), கோயில் பின்னால கடைசி லயம் (தோட்டத்து வரிசை வீடு)'னு எழுதிட்டீங்களே, மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி ஊர்ல அது ஐசி (அடையாள அட்டை) நம்பர் போட்ட மாதிரிதான்லா.

தப்பு எடுத்து விட்டவன் மேலதான். 1935ல ஆரம்பிச்ச ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்லயே (குடிய விட நினைக்கிறவங்க பேர் சொல்லாம கூடுற அமைப்பு) இங்க கேட்டது இங்கயே இருக்கட்டும்னுதான் சொல்வாங்க, நிறைய குரூப்ல அத அட்டையில எழுதியே வச்சிருப்பாங்க.

இப்ப குரூப்ல போய் 'யாரு பண்ணது'ன்னு சண்டை மட்டும் போடாதீங்க, நீங்கதான்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அட்மினுக்கு தனியா மெசேஜ் போடுங்க, ஃபார்வர்ட் பண்றத, சேவ் பண்றத தடுக்குற செட்டிங் இருக்கு, ஆன் பண்ணச் சொல்லுங்க (இன்னொரு போன்ல போட்டோ எடுத்தா அதுவும் ஒன்னும் பண்ணாது, அது வேற கதை). உங்க போன் நம்பர யாரும் பாக்க முடியாத மாதிரி வச்சிடுங்க. ஒட்டுக்கடையில யாராச்சும் கேட்டா 'எந்த குரூப்பு?'ன்னு கேட்டுட்டு தே தாரிக்க (ஆத்துன பால் டீ) குடிங்க.

குரூப்ப விட்டு வெளியேறுறதா இருந்தா முதல்ல உங்க மெசேஜ எல்லாம் எல்லாருக்கும் சேர்த்து டிலீட் பண்ணிட்டு அப்புறம் போங்க, நீங்க போனாலும் எழுதுனது அங்கயேதான் இருக்கும்.