மூட்லியும் முதலியாரும்

அன்புள்ள மூட்லி அம்மாவுக்கு,

தென்னாப்பிரிக்கா டர்பன்ல அப்ளைடு மேத்ஸ்ல பிஎச்டி மூணாவது வருஷம். சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். நட்சத்திரத்தோட உள்பக்கத்துக்கு ஐன்ஸ்டைனோட ஈர்ப்புச் சமன்பாட்டுல தோராயம் இல்லாத ஒரு புது எக்ஸாக்ட் சொல்யூஷன் கண்டுபிடிச்சுட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன், ஒன்றரை வருஷ உழைப்பு. போன வாரம் ஒரு பழைய பேப்பர் கைல கிடைச்சுது. நாப்பது வருஷம் முன்னாடியே வேற கோஆர்டினேட்ல, அதாவது எடத்தைக் குறிக்கற எண்முறையை மட்டும் மாத்தி, அதே சொல்யூஷனை ஒருத்தர் போட்டிருக்கார். கைடுகிட்ட சொன்னா "பாத்துக்கலாம்"ங்கறார். கேம்பிரிட்ஜ் மாதிரி எடத்துல இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா? ஜோஹன்னஸ்பர்க்ல ஒரு பேங்க்ல வேலை வர்ற மாதிரி இருக்கு. விட்டுட்டுப் போயிடலாமா? அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உன் மெயில் வந்தப்ப நான் ஆஸ்பத்திரில சிடி ஸ்கேன் ரூமுக்கு வெளில உக்காந்திருந்தேன். உள்ள என் வீட்டுக்காரர். கதவு சாத்தறதுக்கு முன்னாடி அந்தப் பெரிய வளையத்தைப் பாத்தேன், மனுஷன் அதுக்குள்ள காலை நீட்டிப் படுத்துக்கிட்டு என்னைப் பாத்துக் கையாட்டறார், எனக்கு அவர் ஞாபகம் வராம, இந்த ஸ்கேனுக்கு மேத்ஸ் போட்ட கார்மக் ஞாபகம் வந்துச்சு. வெக்கக்கேடுதான். ஆனா ஒன்பது மாசமா நான் அந்த ஆளைப் பத்தித்தான் யோசிச்சிட்டிருக்கேன், அதனாலதான் உனக்கு இவ்வளவு நீளமா எழுதறேன், இல்லேன்னா ரெண்டு வரில முடிச்சிருப்பேன்.

ஆலன் கார்மக் ஜோஹன்னஸ்பர்க்ல பொறந்தவர். 1956ல கேப் டவுன் க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரில ரேடியோ ஐசோடோப் விவகாரத்தைப் பாத்துக்க ஒரு பிசிசிஸ்ட் இருந்தாகணும்னு சட்டம், வேற ஆள் இல்ல, யூனிவர்சிட்டில பாடம் எடுத்துட்டிருந்த இவரை வாரத்துல ஒன்றரை நாள் வரச் சொன்னாங்க. அதே ஆஸ்பத்திரிலதான் 1967ல மொத இதய மாற்று ஆபரேஷன், அது எல்லாருக்கும் தெரியும், இவரை யாருக்கும் தெரியாது. ரேடியேஷன் குடுக்கறப்ப உடம்பு முழுக்க ஒரே மாதிரின்னு வெச்சுக் கணக்குப் போடறாங்களே, எலும்பும் நுரையீரலும் ஒண்ணான்னு அவருக்குத் தோணிச்சு. வெளிலருந்து கோடு கோடா கதிரை விட்டு, ஒவ்வொரு கோட்டுலயும் எவ்வளவு உறிஞ்சப்பட்டுதுன்னு அளந்தா, அதை வெச்சு உள்ள எந்த எடத்துல என்ன இருக்குன்னு சொல்ல முடியுமா? கேள்வி இவ்வளவுதான். சுத்தமான மேத்ஸ். இதை யாராவது எப்பவோ போட்டிருப்பாங்கன்னு தேடினார், கேட்டார், கிடைக்கல, தானே போட்டார்.

1957ல செஞ்சு பாத்தார். ஒரு அலுமினிய உருளை, சுத்தி மர வளையம், கோபால்ட் கதிர். கிராஃப் போட்டா நடுவுல இருக்கற மூணு புள்ளி மட்டும் மத்ததோட சேராம கொஞ்சம் சாய்ஞ்சு நிக்குது. நீயா இருந்தா, ஏன் நானா இருந்தாலும், அளந்ததுல தப்புன்னு விட்டிருப்போம். அவர் ஒர்க்‌ஷாப்ல போய் விசாரிச்சார். உருளைக்கு நடுவுல உறிஞ்சற அளவு கொஞ்சம் கம்மியான வேற அலுமினியத்துல ஒரு ஆப்பு இருந்துச்சாம், இவருக்கே தெரியாது, கணக்கு கண்டுபிடிச்சுக் குடுத்துடுச்சு! இதைப் படிக்கறப்பல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

1963, 64ல ரெண்டு பேப்பர். யாரும் சீண்டல. பிரதி கேட்டு வந்ததுல வேடிக்கையானது சுவிட்சர்லாந்து பனிச்சரிவு ஆராய்ச்சி மையத்துலருந்து வந்ததாம், மலைமேல பனி எவ்வளவு படிஞ்சிருக்குன்னு பாக்க ஆகுமான்னு. கணக்கைக் கைல எடுத்துப் பதினாலு வருஷம் கழிச்சுத்தான் அவருக்குத் தெரிஞ்சுது, ரேடான்னு ஒருத்தர் அதே கணக்கை 1917லயே போட்டு முடிச்சிட்டார்னு. நாப்பது வருஷ வித்தியாசம். உன்னோடதும் நாப்பதுதானே? 1979ல கார்மக்குக்கு நோபல் குடுத்தாங்க, ஸ்கேன் மெஷினைக் கட்டின ஹவுன்ஸ்ஃபீல்டோட சேத்து. ரெண்டு பேருமே பிஎச்டி முடிக்காதவங்க. கார்மக் கேம்பிரிட்ஜ் போய் பட்டம் வாங்காமலே திரும்பினவர். இந்த ஒரு வரியை மட்டும் புடிச்சிக்கிட்டு அப்பாவுக்குப் போன் போட்டியோ, கொன்னுடுவேன்.

கேம்பிரிட்ஜ் கேள்விக்கு இதுவே பதில்னு வெச்சுக்கோ. கைடைப் பத்திப் பொலம்பறதுக்கும் எனக்கு நேரம் இல்ல. ஹாக்கிங்கே ஹாய்ல் கைடா வேணும்னுதான் கேம்பிரிட்ஜ் போனார், கிடைச்சது ஷியாமாங்கற வேற ஆள், ஒண்ணும் கெட்டுப்போகல.

இப்ப என் கதை. நான் கல்யாணமாகி இங்க வந்தது 95ல. டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல ஸ்கூல் டீச்சர், ராத்திரில தீசிஸ், நீ பண்ற அதே சப்ஜெக்ட், ஸ்டாட்டிக் பெர்ஃபெக்ட் ஃப்ளூயிட், நட்சத்திரத்தை அசையாத பாய்மமா வெச்சுப் போடற கணக்கு. எந்த யூனிவர்சிட்டின்னு கேக்காதே. அப்ப இங்க பெரும்பாலும் எதிர்ல உக்காந்து வாதாடற வைவா எல்லாம் கிடையாது, தீசிஸ் போகும், ரிப்போர்ட் வரும். 2001ல எனக்கு வந்துச்சு. மொதப் பக்கத்துலயே ஒரு வரி: மூணாம் அத்தியாயத்துல இருக்கற சொல்யூஷன் 1939ல டோல்மன்னு ஒருத்தர் போட்ட நாலாவது சொல்யூஷன்தான், ஆரத்தைக் குறிக்கற மாறி மட்டும் வேற. அடுப்புல பருப்பு தீயற வாசனை வந்தும் எழுந்திரிக்காம அப்படியே உக்காந்திருந்தேன். அன்னிக்கே தீசிஸை சூட்கேஸ்ல போட்டுப் பூட்டினதுதான்.

போன வருஷம் இவரோட மெடிக்கல் எய்ட் பேப்பர் தேடறப்ப அந்த ரிப்போர்ட் கைல வந்துச்சு. ரெண்டாவது பக்கத்துல, நாலாம் அத்தியாயத்து ஸ்டெபிலிட்டி கணக்கு, அதாவது நட்சத்திரம் நிலையா நிக்குமாங்கற கணக்கு, புதுசு, அதை முன்னால கொண்டுவந்து திருத்தி மறுபடி அனுப்பலாம்னு எழுதியிருக்கு. அன்னிக்கும் அதைப் படிச்சிருக்கேன், ஓரத்துல என் பென்சில் கோடு இருக்கே! மனசுல ஏறல, அவ்வளவுதான். யாரையும் குறை சொல்ல முடியாது, என் ரோஷம்.

சரி, உன்னைத் திட்டற எடத்துக்கு வர்றேன். கோஆர்டினேட் மாறினா சொல்யூஷன் மாறாதுன்னு உனக்கு மொத வருஷமே தெரியும். பெயின்லவே, ரெண்டு தடவை பிரான்ஸ் பிரதமரா இருந்தவர், குல்ஸ்ட்ராண்ட், கண் டாக்டர், 1911ல மருத்துவ நோபல் வாங்கினவர், இவங்க ரெண்டு பேருமே 1921, 22ல தனித்தனியா ஒரு சொல்யூஷன் போட்டு அது ஏற்கெனவே ஸ்வார்ட்ஸ்சைல்டுங்கறவர் போட்டது இல்லேன்னு நெனச்சாங்க, 1933ல லமேத்ர்னு ஒருத்தர் வந்துதான் இது அதேதாம்ப்பா, கோஆர்டினேட்தான் வேறன்னு சொன்னார். அவங்களுக்கு மன்னிப்பு உண்டு, காலம் அப்படி. உனக்குக் கிடையாது.

எங்க வீட்டுக் கதை சொல்றேன் கேளு. என் வீட்டுக்காரர் குடும்பப் பேர் மூட்லி. முதலியார்ங்கறது கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல ஆள் ஏத்தின குமாஸ்தா கைல பட்டு அப்படி ஆயிடுச்சு, கவுண்டர் கோவெண்டர் ஆன மாதிரி. டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ங்கற எடத்துல முதலின்னு எழுதற ஒரு குடும்பம், அந்த வீட்டுப் பொண்ணை எங்க நாத்தனார் பையனுக்குக் கேட்டு, தட்டு மாத்தறது வரைக்கும் போயாச்சு. அப்ப ஒரு பெரியவர் கப்பல் லிஸ்ட்டோட நகலை எடுத்துட்டு வந்தார். அந்த லிஸ்ட்ல பேர் மட்டும் இல்ல, நம்பர், அப்பா பேர், கிராமம், உயரம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். ரெண்டு குடும்பத்துப் பாட்டனுக்கும் ஒரே நம்பர், ஒரே கிராமம், இடது கணுக்கால்ல ஒரே தழும்பு. பங்காளிங்க! கல்யாணம் நின்னுது, மட்டன் மட்டும் வீணாகாம சாப்பிட்டோம்.

பேரைப் பாக்காதே, தழும்பைப் பாருன்னு அன்னிக்கு எனக்கு ஒறைச்சுது. உன் சொல்யூஷனுக்குத் தழும்பு எது? அழுத்தத்தையும் அடர்த்தியையும் எதிரெதிரா போட்டு கிராஃப் வரை. அதுல ஆரமே வராது, எந்தக் கோஆர்டினேட்ல எழுதினாலும் அந்த வளைகோடு அசையாது. மையத்துல அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தை எடு. கோளத்தோட பரப்பளவுலருந்து ஆரத்தை எடுத்து மறுபடி எழுது. ஒரு சாயங்கால வேலை. இதை மொத மாசமே செஞ்சிருந்தா ஒன்றரை வருஷம் மிச்சம், நீயும் செய்யல, நானும் செய்யல, நீ இவ்வளவு எழுதியிருக்கே, அதுல கைடு இருக்கார், பேங்க் இருக்கு, கேம்பிரிட்ஜ் இருக்கு, அந்த நட்சத்திரம் உள்ள எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை இல்லியே தம்பி. உள்ள அழுத்தம் எங்கயாவது நெகட்டிவ் ஆகுதா? சத்தத்தோட வேகம் ஒளியைத் தாண்டுதா? 1998ல கனடால டெல்கேட்டி, லேக்னு ரெண்டு பேர் அதுவரைக்கும் வந்த 127 சொல்யூஷனை எடுத்து இந்த மாதிரி சாதாரண டெஸ்ட் வெச்சுப் பாத்தாங்க, பாஸானது 16. அதுலயும் மையத்துலருந்து வெளில வர வர ஒலிவேகம் கொறையறது 9தான். உன்னோடது அந்தப் பதினாறுல உண்டா இல்லியா? அந்தப் பழைய பேப்பர்காரர் இதைப் பாத்திருக்காரா? பாக்கலேன்னா உன் தீசிஸ் அங்கதான்டா இருக்கு, முட்டாள்.

பேங்க் வேலைக்குப் போறதுன்னா போ, அதுல ஒரு தப்பும் இல்ல, ஜோபர்க்ல வாடகைதான் ஜாஸ்தி.

ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வா. லாப்டாப் வேணாம், கிராஃப் ஷீட்டுல கையால வரைஞ்சு கொண்டுவா, என் நாலாம் அத்தியாயத்தை சூட்கேஸ்லருந்து எடுத்து வெக்கறேன், அந்த ஸ்டெபிலிட்டி கணக்கு உன் கேசுக்கு ஆகுமான்னு பாப்போம். இவருக்கு ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்ல, கிட்னில கல்லு. நீ மட்டன் சாப்பிடுவியான்னு கேக்கச் சொல்றார், பதில் போடு.