நான்கு கதவு ஆஃப்ரோடு எஸ்யூவி நாகர்கோவிலில் தினசரி ஓட்டச் சரிப்படுமா?

ஆஃப்ரோடு எஸ்யூவி என்பது வெறும் உயரமான கார் இல்லை. பெரும்பாலும் ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்தி, ரோடு இல்லாத இடத்திலும் ஓட நான்கு சக்கரங்களுக்கும் இழுவை (ஃபோர் வீல் டிரைவ்) போகும்படி செய்த வண்டி. 2023-இல் வந்த, மாருதி சுசுகியின் நான்கு கதவு ஜிம்னியையே எடுத்துக்கொள்வோம். நீளம் 4 மீட்டருக்குள், அகலம் 1,645 மி.மீ. வடசேரி சந்தை நெரிசலில் அது பெரிய நிம்மதி.

குறை, குலுக்கல்தான். இடது, வலது சக்கரங்களை ஒரே இறுகிய அச்சு இணைக்கிறது. ஒன்று பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் சேர்ந்து அசையும். பாறையில் அதுவே பலம்: ஒரு சக்கரம் மேலே ஏறும்போது மற்றதைத் தரையில் அழுத்தி வைக்கும். தார் ரோட்டிலோ, பின் சீட்டில் இருக்கும் அம்மாவின் இடுப்புக்குத்தான் அது தெரியும். ரப்பர் தோட்டத்துச் சேற்றுக்குப் போடும் பூட்ஸோடு தினமும் கடைக்கு நடப்பது மாதிரி.

முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும்போது பக்கக்காற்று உயரமான வண்டியைத் தள்ளும். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் மண் பாதையில் அடிக்கடி போகிறவர் தாராளமாக வாங்கலாம். ஆபீஸ், பள்ளிக்கூடம் மட்டும் என்றால் வேண்டாம் என்பேன்.

அப்புறம், ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் மழையில் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. எந்தக் காரிலும் பிரேக் நான்கு சக்கரத்திலும் உண்டு. இந்த வசதி இழுக்கத்தான் உதவும், நிறுத்த உதவாது.