பழைய வைன் கிளாஸின் டிசைன் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: என் மாமனார் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971-இல் பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பியபோது மேலதிகாரி வீட்டில் அவருக்கு எட்டு வைன் கிளாஸ் கொடுத்தார்களாம். இரண்டு உடைந்துவிட்டன. அதே டிசைனில் இரண்டு வாங்க ஆசை. கடையில் காட்டினால் அயர்லாந்து நிறுவனமான 'வாட்டர்ஃபோர்டு' செய்தது என்கிறார்கள். நம்பலாமா? படம் அனுப்பியிருக்கிறேன். – யீஷூன் வாசகி

பதில்: அதற்குள் காசு கொடுத்துவிடாதீர்கள். வைரக் கட்டம் வெட்டிய கண்ணாடி எதுவானாலும் வாட்டர்ஃபோர்டு என்று சொல்லிவிடுவது விற்பவர்களின் வழக்கம். அயர்லாந்து, இங்கிலாந்து, பொஹீமியா என்று எத்தனையோ பட்டறைகள் அதே கட்டத்தை வெட்டியிருக்கின்றன.

வெட்டை விடுங்கள், முதலில் உருவத்தைப் பாருங்கள். கிண்ணம் விரிந்திருக்கிறதா, நேராக நிற்கிறதா? காம்பு உருண்டையா, பட்டை போட்டதா, நடுவில் முடிச்சு உண்டா? பிரான்சின் பக்காரா நிறுவனத்தின் ஹார்கோர்ட் 1841-இலிருந்து வரும் டிசைன். அதில் வைரக் கட்டமே கிடையாது. அகலமான தட்டைப் பட்டைகளையும் அறுகோணப் பாதத்தையும் வைத்தே சொல்லிவிடலாம். உருவம் பிடிபட்ட பிறகு வெட்டுக்கு வாருங்கள். விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது, சுற்றிலும் எத்தனை பட்டை, பாதத்தின் அடியில் நட்சத்திரம் இருந்தால் எத்தனை கதிர் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்டர்ஃபோர்டின் லிஸ்மோர் 1952-இல் வந்தது. வைரக் கட்டமும் நீண்ட செங்குத்து வெட்டும் சேர்ந்தது. உங்கள் படத்தில் கட்டம் தெரிகிறது, செங்குத்து வெட்டு தெரியவில்லை.

அப்புறம் முத்திரை. பாதத்தின் அடியில் வாயால் ஊதி ஆவி படியவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். அமிலத்தால் பொறித்த மங்கலான எழுத்து அப்போதுதான் கண்ணில் படும். இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் நிறுவனம் 1920-களின் பிற்பகுதியிலிருந்தும் பக்காரா 1936-இலிருந்தும் முத்திரை போட்டார்கள். காகித ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய பட்டறைகளும் உண்டு, அதனால் முத்திரை இல்லையே என்று சோர்ந்துபோக வேண்டாம்.

கையால் செய்ததா என்பதை விரலே சொல்லும். கையால் வெட்டிய ஓரம் கூர்மையாக உறுத்தும். அச்சில் அழுத்தியது மழுங்கலாக இருக்கும், பக்கத்தில் தையல் போல ஒரு கோடும் ஓடும். பாதத்தின் அடியில், செய்யும்போது கிளாஸைத் தாங்கிப் பிடித்த கம்பியின் வடு இருந்தால்தான் கைவேலை என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. அந்தக் கம்பிக்குப் பதிலாகப் பாதத்தைக் கவ்விப் பிடிக்கும் கருவி 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டதால், கையால் ஊதிய கிளாஸிலும் வடு இல்லாமல் போகலாம்.

படத்தை மறுபடி எடுங்கள். கிண்ணத்துக்குள் கறுப்புத் தாளைச் சுருட்டி வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்தால் பின்பக்க வெட்டு குழப்பாது. அமெரிக்காவிலுள்ள ரிப்ளேஸ்மெண்ட்ஸ் நிறுவனத்துக்கு அந்தப் படத்தை அனுப்பினால் டிசைன் பெயரைத் தேடித் தருவார்கள்.

பெயர் கிடைத்ததும் கரோசல் இணையச் சந்தையில் தேடுங்கள். ஆனால் ஒரே டிசைனில் ஷெர்ரிக்கு, வைனுக்கு, தண்ணீருக்கு என்று பல அளவு உண்டு. படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். உயரத்தையும் விளிம்பின் அகலத்தையும் மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள். ஓரிரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கைவேலை என்றால் உங்களிடம் இருக்கும் ஆறுக்குள்ளேயே அந்த வித்தியாசம் இருக்கும்.