கொள்ளுத்தாத்தாவைத் தேடி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் பேரும் ஊரும் மட்டுமே தெரியும். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ஆவணங்களை அடுத்த மாதமும் தேடலாம், எண்பது வயது அத்தையிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். "எந்த வருஷம் பிறந்தார்?" என்று கேட்டால் பதில் வராது. ஊரறிந்த நிகழ்ச்சியோடு கோத்துக் கேளுங்கள்: "1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்து சனங்கள் நடந்தே வந்தார்களே, அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா?", "1964-இல் தனுஷ்கோடி புயல் அடித்தபோது இருந்தாரா?" ஒரே கதையை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். சேர்த்து உட்காரவைத்தால் குரல் ஓங்கியவர் சொன்னதுதான் மிஞ்சும்.

பிறகு பெட்டியைத் திறங்கள். பழைய மொய் நோட்டைப் பலரும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. பேரோடு ஊரும் எழுதியிருப்பதால் பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர் அதிலிருந்தே பிடிபடும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது: பங்கு பெற்ற அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் தகப்பனார் பேரோடு ஒரே இடத்தில் இருப்பார்கள். பழைய பத்திரங்களில் பெண்மக்கள் பேர் பெரும்பாலும் இருக்காது. அவர்களைக் கல்யாணப் பத்திரிகையிலும் மொய் நோட்டிலும்தான் தேட வேண்டும்.

கேள்வி: ஜாதகத்தில் 'ஆங்கீரச வருஷம், தை மாதம்' என்று இருக்கிறது. ஆங்கில வருஷம் எது?

பதில்: ஆங்கீரச 1872-73லும் வந்தது, 1932-33லும் வந்தது. தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் தொடங்குவதால் தை மாதம் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். ஆகவே 1873 அல்லது 1933. ஒரு வருஷம் பிசகுவது இந்த இடத்தில்தான்.

இடையில் 60 வருஷம் இருக்கிறதே, குழப்பம் எப்படி வரும் என்று நினைக்க வேண்டாம். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பத்தில் இருவர் ஜாதகமும் ஒரே பெட்டியில் கிடக்கலாம். ராசிக்கட்டத்தைப் பாருங்கள். சனி ஒரு சுற்று வர ஏறக்குறைய 29½ வருஷம், குருவுக்கு 12 வருஷம். அதனால் 60 வருஷம் கழித்து இரண்டும் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிடும். அவற்றை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ராகுதான் காட்டிக்கொடுக்கும். அதன் சுற்று சுமார் 18.6 வருஷம், மூன்று சுற்று முடித்து, மேலும் இரண்டரை ராசிக்குமேல் பின்னோக்கி நகர்ந்திருக்கும். 1873 தையில் ராகு ரிஷபத்தில். 1933 தையில் கும்பத்தில். கட்டத்தில் எது இருக்கிறதோ அதுவே விடை.

கேள்வி: குடும்ப நிலத்தின் மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது. வழி உண்டா?

பதில்: பதிவு செய்த பத்திரமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். தமிழ்நாட்டில் இணையவழி வில்லங்கச் சான்று பொதுவாக 1975-லிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையதைப் பழைய பதிவேடுகளில் தேடித் தர அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். கிராமம், சர்வே எண், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்ற மூன்றும் மனுவில் இருக்கட்டும். ஒன்றும் இல்லை என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்து சர்வே எண் வேறாக இருந்திருக்கலாம், அல்லது உங்கள் கிராமம் அப்போது வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருக்கலாம். நகல் கைக்கு வந்ததும் நான்கெல்லையைப் படியுங்கள். 'இன்னார் நிலத்துக்கு மேற்கு' என்று வரும் அந்த இன்னார் பல நேரம் பங்காளியாக இருப்பார்.

கேள்வி: பெரிய தாத்தா தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினார் என்கிறார்கள். உறுதிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ஒப்பந்தக் கூலிகள் 1860 முதல் 1911 வரை அங்கே போனார்கள். சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பேர், தகப்பன் பேர், வயது, கிராமம், தாலுகா, ஜில்லா, அங்க அடையாளம் ஆகியவை உண்டு. காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவை என்பதால் பேரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் அகப்படாது. நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். தகப்பன் பேரும் கிராமமும் சேர்ந்து பொருந்தினால் மட்டும் உங்களவர் என்று கொள்ளுங்கள். வயது சில வருஷம் முன்பின்னாக இருந்தால் தள்ளிவிட வேண்டாம். நெற்றியில் தழும்பு, கையில் பச்சை என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் அதையும் அடையாளப் பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.