ரவுட்டர் கேள்வி-பதில்: காணாமல் போகும் ரூட்டும் பாதியில் நிற்கும் ஸ்ட்ரீமும்

கேள்வி: இரண்டு ஐஎஸ்பியோடு (இணைய சேவை நிறுவனம்) பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை) ஓடுகிறது. சில ரூட்டுகளின் லோக்கல் பிரிஃபரன்ஸை (எந்த வழிக்கு முன்னுரிமை என்று சொல்லும் எண்) மட்டும் மாற்ற ரூட்-மேப் (ரூட்டுகளை வடிகட்டவும் மாற்றவும் எழுதும் விதிப் பட்டியல்) போட்டேன். மற்ற ரூட்டுகள் எல்லாம் டேபிளிலிருந்தே போய்விட்டன. ஏன்?

சிஸ்கோ ரூட்-மேப்பின் அடியில், நாம் எழுதாவிட்டாலும் ஒரு டினை (மறுப்பு) உண்டு. எந்த வரிக்கும் பொருந்தாத ரூட் அதில் விழுந்துவிடும். நீங்கள் எழுதிய பர்மிட் (அனுமதி) 10-க்குக் கீழே, மாட்ச் (நிபந்தனை) எதுவும் இல்லாத வெறும் பர்மிட் 20 ஒன்றைச் சேருங்கள். மற்றவை மாறாமல் உள்ளே வரும்.

அதே வெறும் பர்மிட்டை வெளியே அறிவிக்கும் ரூட்-மேப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு ஐஎஸ்பியிடம் வாங்கிய ரூட்டை இன்னொருவருக்குச் சொல்லிவிடுவீர்கள். அவர்கள் டிராஃபிக் உங்கள் லிங்க் வழியாகப் பாய ஆரம்பிக்கும். அந்தப் பக்கம் உங்கள் சொந்த பிரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி) மட்டும் போனால் போதும்.

ரூட் கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாம், உள்நாட்டில் யூடியூபைத் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்ற ரூட்டைப் போட்டது. அது வெளியே கசிந்தது. அதற்கு இணையம் கொடுத்த பிசிசிடபிள்யூ நிறுவனம் வடிகட்டாமல் வாங்கி உலகத்துக்குச் சொன்னது. யூடியூப் அறிவித்திருந்தது /22, அதாவது இதைவிடப் பெரிய தொகுதி. குறிப்பான பிரிஃபிக்ஸுக்குத்தான் முதலிடம் என்பதால் சுமார் இரண்டு மணி நேரம் பல நாடுகளில் யூடியூப் கிடைக்கவில்லை. பாலிசி இல்லாத இபிஜிபி (வெளி நெட்வொர்க்கோடு பேசும் பிஜிபி) செஷனில் ரூட் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று 2017-இல் ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தர ஆவணம் வந்தது. எல்லா ரவுட்டரும் அப்படி நடப்பதில்லை. இரு திசைக்கும் பாலிசியை நீங்களே எழுதிவிடுங்கள்.

கேள்வி: லோக்கல் பிரிஃபரன்ஸ் 200 வைத்தும், உள்ளே வரும் டிராஃபிக் பழைய லிங்கிலேயே வருகிறதே?

அது உங்கள் ஏஎஸ்ஸுக்குள் (உங்கள் நிர்வாகத்தில் உள்ள நெட்வொர்க்) மட்டும் செல்லும். வெளியே போகும் டிராஃபிக்கைத்தான் திருப்பும். வரும் டிராஃபிக்குக்கு, வேண்டாத லிங்கில் ஏஎஸ்-பாத் பிரிபெண்ட் செய்து (உங்கள் ஏஎஸ் எண்ணைத் திரும்பத் திரும்பச் சேர்த்து வழியை நீளமாகக் காட்டி) பாருங்கள். அசையவில்லையா? அந்த ஐஎஸ்பி எந்த கம்யூனிட்டியை (ரூட்டோடு அனுப்பும் அடையாளக் குறி) ஏற்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: கேமராவின் மல்டிகாஸ்ட் (ஒரே ஸ்ட்ரீமைக் கேட்பவர்கள் எல்லோருக்கும் அனுப்பும் முறை) வீடியோ நாலு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. ஆப்பை மூடித் திறந்தால் மறுபடியும் நாலு நிமிடம். கேமரா பழுதா?

கேமராவில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. சுவிட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (எந்த போர்ட்டுக்கு ஸ்ட்ரீம் வேண்டும் என்று ஒட்டுக்கேட்பது) ஓடுகிறது, ஆனால் அந்த விலானில் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) குவெரியர் (யாருக்கு இன்னும் வேண்டும் என்று அவ்வப்போது கேட்பவர்) இல்லை. ஆப் திறந்ததும் கணினி தானாக ஜாயின் அனுப்புகிறது. சுவிட்ச் அந்த போர்ட்டைக் குறித்துக்கொள்கிறது. அதன்பின் யாராவது கேட்டால்தான் கணினி பதில் சொல்லும். கேட்க ஆள் இல்லை. ஐஜிஎம்பியின் வழக்கமான கணக்கில் 125 வினாடிக்கு ஒரு குவெரி. இரண்டு மடங்கு 250, பதிலுக்கு இன்னும் 10. ஆக 260 வினாடியில் சுவிட்ச் போர்ட்டை விடுவித்துவிடும். உங்கள் நாலு நிமிடம் இதுதான்.

அந்த விலானின் ரவுட்டர் இன்டர்ஃபேஸில் பிஐஎம் (ரவுட்டர்களுக்கு இடையே மல்டிகாஸ்ட்டைக் கடத்தும் முறை) போடுங்கள், குவெரியும் அங்கிருந்தே வரும். ரவுட்டர் இல்லையென்றால் சுவிட்சிலேயே ஸ்னூப்பிங் குவெரியரை ஆன் செய்யுங்கள். ஸ்னூப்பிங்கை அணைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். வீடியோ எல்லா போர்ட்டிலும் கொட்டும். வைஃபை முதலில் திணறும்.

கேள்வி: பிஐஎம் ஸ்பார்ஸ் மோட் (கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புவது) போட்டாச்சு, ஆர்பியும் (அனுப்புபவரும் கேட்பவரும் சந்திக்கும் ரவுட்டர்) சரி. அடுத்த சப்நெட்டுக்கு மட்டும் ஸ்ட்ரீம் போகவில்லை.

முதலில், ஸ்ட்ரீமை அனுப்பும் ஆப்பின் டிடிஎல்லைப் (பாக்கெட் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற எண்) பாருங்கள். மல்டிகாஸ்ட்டுக்கு அது இயல்பாக 1. முதல் ரவுட்டரிலேயே பாக்கெட் செத்துவிடும். அது சரி என்றால் ஆர்பிஎஃப் என்ற திரும்பும் வழிச் சோதனை. சோர்ஸுக்குத் திரும்பிப் போக ரவுட்டர் எந்த இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுக்குமோ, பாக்கெட் அதன் வழியாகத்தான் வர வேண்டும்; இல்லையென்றால் சத்தமில்லாமல் தள்ளிவிடும். ‘ஷோ ஐபி ஆர்பிஎஃப்’ போட்டு சோர்ஸ் முகவரியைக் கொடுங்கள். பாலிசி ரவுட்டிங்கில் வழி திருப்பியிருந்தாலும் ஆர்பிஎஃப் அதைக் கணக்கில் எடுக்காது, ரவுட்டிங் டேபிளைத்தான் பார்க்கும். டேபிள் காட்டும் லிங்கில் பிஐஎம் போடுங்கள், முடியாவிட்டால் ஸ்டாடிக் எம்ரூட் (ஆர்பிஎஃப்புக்காகக் கையால் எழுதும் வழி).

கேள்வி: உள் நெட்வொர்க்குக்கு எந்த குரூப் முகவரி?

239-இல் தொடங்குபவை. 239.0.0, 239.128.0 என்று தொடங்கும் இரண்டையும் தவிருங்கள். குரூப் முகவரியின் 23 பிட் மட்டுமே மேக் முகவரிக்குள் (சுவிட்ச் பார்க்கும் வன்பொருள் முகவரி) போவதால் 32 குரூப்புகளுக்கு ஒரே மேக். இந்த இரண்டும் 224.0.0-வின் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசும் குரூப்புகள்) மேக்கோடு மோதும். பல சுவிட்சுகள் அதை எல்லா போர்ட்டுக்கும் அனுப்பும்.