யெஸ்டி, ஜாவா திரும்பி வந்ததைப் பற்றி: நம் கடற்கரைக்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்

ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தொண்டி முதல் தனுஷ்கோடி வரை கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கீழக்கரை: காக்கா (அண்ணா), எங்க வாப்பா (அப்பா) யெஸ்டி வச்சிருந்தாங்க. இப்ப வர்ற யெஸ்டியும் அதே கம்பெனிதானா?

இல்லை தம்பி. வாப்பா ஓட்டியது மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்த வண்டி. செக் நாட்டு ஜாவாவின் உரிமம் வாங்கி 1961-ல் தொடங்கினார்கள், 1973-லிருந்து யெஸ்டி என்று தங்கள் பெயரிலேயே விற்றார்கள், 1996-ல் ஆலை மூடிப்போனது. இப்போது வருவது கிளாசிக் லெஜெண்ட்ஸ் என்ற வேறு கம்பெனி. அதில் மஹிந்திராவுக்கு 60 சதவீதம், மீதி அனுபம் தரேஜா, போமன் இரானி ஆகியோருடையது. வண்டி உருவாவது மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில். போமன் இரானியின் தந்தை ருஸ்தம் இரானி பழைய மைசூர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த ஒரு குடும்ப உறவைத் தவிர, ஆலையும் எஞ்சினும் எல்லாமே புதுசு.

பாம்பன்: செக் கம்பெனியையே மஹிந்திரா வாங்கிவிட்டதா?

வாங்கவில்லை. ஜாவா பெயரைப் பயன்படுத்த உரிமம் மட்டும்தான் வாங்கியிருக்கிறார்கள். செக் ஜாவா அங்கே தனியாக இருக்கிறது. முழுசாக வாங்கியது 2016-ல் இங்கிலாந்தின் பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள் கம்பெனியைத்தான்.

மண்டபம்: அவ்வளவு நல்ல வண்டியை ஏன் மூடினார்கள் அண்ணே?

இதைக் கேட்டால் எனக்கு இப்போதும் மனசு கனக்கும். ஒரு காலத்தில் மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் சந்தைக்கு ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மீன் போனதே இந்த வண்டியில்தான், எத்தனை கிலோ ஏற்றினாலும் முனகாது. ஆனால் யெஸ்டியின் ரோட்கிங் மாடல் லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் ஓடினாலே பெரிது, அதுவும் பெட்ரோலோடு ஆயில் செலவு தனி. எண்பதுகளின் நடுவில் ஜப்பான் கூட்டில் 100 சிசி நாலு ஸ்ட்ரோக் வண்டிகள் வந்து அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடிக் காட்டியதும், அன்றாடம் வாங்கி அன்றாடம் விற்கிற மீன் வியாபாரி எந்தப் பக்கம் போவார் சொல்லுங்கள், குடும்பக் கணக்கு அப்படி. அப்புறம் தொண்ணூறுகளில் புகைக் கட்டுப்பாடு வேறு வந்தது. பழைய யெஸ்டி டூ ஸ்ட்ரோக் வண்டி, அதில் ஆயிலும் சேர்ந்து எரிகிறது, எரியாத பெட்ரோல் கொஞ்சம் அப்படியே சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. அதைச் சரிசெய்யப் பெரிய முதலீடு வேண்டும். ஆலைக்குள் தொழிலாளர் பிரச்சினையும் இருந்தது. அதே சமயம் புல்லட் செய்யும் என்ஃபீல்டும் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதை ஐஷர் கம்பெனி கையில் எடுத்து நிமிர்த்தியது. மைசூருக்கு அன்றைக்கு அப்படி ஒரு கை கிடைக்கவில்லை.

தொண்டி: உதைக்கிற கம்பியே கியர் கம்பியாக மாறுமே, அது புது வண்டியில் உண்டா?

கிடையாது, எனக்கும் வருத்தம்தான். பழசில் கிக்கரை உள்ளே அழுத்தி முன்னால் திருப்பினால் அதுவே கியர் லீவர், கிளட்சைப் பிடிக்காமலும் கியர் மாற்றலாம். 2018 நவம்பரில் வந்த புது ஜாவா 293 சிசி, நாலு ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் எஞ்சின், ஆறு கியர். 2022 ஜனவரியில் வந்த யெஸ்டிகளுக்கு 334 சிசி. டேங்கின் வடிவம், இரண்டு பக்கமும் நீளும் சைலன்சர் எல்லாம் கண்ணுக்கு நிறைவாக இருக்கின்றன. அந்தப் பழைய 'டப்-டப்' ஓசையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஓட்டிப் பார்த்தேன், பழசைவிட வேகம், பிரேக் பல மடங்கு நம்பகம். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறவருக்குப் புதுசைத்தான் சொல்வேன்.

ராமேஸ்வரம்: உப்புக்காற்றில் எது தாங்கும், பழசா புதுசா?

இரண்டும் தாங்காது, நாம்தான் தாங்க வைக்க வேண்டும். இரண்டும் துருப்பிடிக்கிற இடம் வேறு வேறு. பழசில் சிலிண்டரே இரும்பு வார்ப்பு, ஸ்போக்ஸ், சைலன்சர் குரோம், டேங்கின் உள்பக்கம் இவைதான் முதலில் போகும். டேங்கைப் பாதி காலியாக வைத்து ஆடி மாதக் கச்சான் காற்றில் நிறுத்தினால் உள்ளே ஈரம் கோத்துத் துரு உதிர்ந்து கார்புரேட்டரை அடைக்கும், அதனால் ஓட்டாத மாதங்களில் முழுசாக நிரப்பி வையுங்கள். புதுசில் ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளும் வயர் இணைப்புகளும்தான் கவலை. தனுஷ்கோடிக் கடைசியில் உள்ள அரிச்சல்முனை போய் வந்த அன்றே துடைத்துவிட வேண்டும், மறுநாள் பார்ப்போம் என்று விட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

இதில் நம் ஊர்க்காரர்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்று. உப்பைக் கழுவுகிறேன் என்று போர் தண்ணீரை வாரி ஊற்றுவார்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீரே பாதி இடங்களில் உவர், உப்பின் மேல் உப்பு. குடிநீர் ஒரு குடம் எடுத்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தாலே போதும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது. காய்ந்ததும் ஸ்போக்ஸ், நட்டு, சைலன்சர் அடிப்பக்கம் எல்லாம் லேசாக எண்ணெய்த் துணி போடுங்கள், பேட்டரி முனையில் வாஸ்லின். என் ரோட்கிங் சைலன்சருக்கு ஒருமுறை விலை குறைவாக இருக்கிறதே என்று ஓரிடத்தில் முலாம் போட்டு ஆறு மாதத்தில் உரிந்து வந்தது. அதற்கு மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.

தேவிபட்டினம்: ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும்?

பழைய யெஸ்டிக்குப் பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அதனால் தனிக் கேனில் கலந்து வைத்து மாதக்கணக்கில் போடாதீர்கள். ரப்பர் டியூபையும் வருஷம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஏர்வாடி: அண்ணா, அப்பா இறந்தபின் அவர் யெஸ்டி பல வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது, கிக்கர் அசையவே இல்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். என்ன செய்வது?

போடாதே தங்கச்சி. பிஸ்டன் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். யாரையும் ஓங்கி உதைக்கவிடாதே. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் சமமாகக் கலந்து ஊற்றி, ஒரு வாரம் அப்படியே விடு. பிறகு மூன்றாவது கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் பெரும்பாலும் விடும். விட்டாலும் உடனே ஸ்டார்ட் பண்ணாமல், கிராங்க் சீல்களை (எஞ்சினுக்குள் வெளிக்காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) மாற்றி டேங்கைக் கழுவிய பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும். சீல் காய்ந்திருந்தால் காற்றை இழுத்து எஞ்சின் சூடேறி, பிஸ்டன் மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.

அதற்கெல்லாம் முன்னால் அப்பாவின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடு. வாரிசுச் சான்றிதழோடு உன் பெயருக்கு மாற்றி, பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். புத்தகம் கிடைத்ததும் எழுது, நானே வந்து எஞ்சினைப் பார்க்கிறேன். ஓடத் தொடங்கியதும் முதல் நாளே பாம்பன் பாலத்துக்கு எடுத்துப் போகாதே, காற்று தள்ளும். கீழக்கரை வரை வந்து திரும்பு, அது போதும்.