மறு: ஜெல் இரண்டே நாளில் ரோஸ் ஆகிறது, வீட்டு ஓவனில் வாட்டலாமா?

பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சப் போடும் நீல சிலிக்கா ஜெல் மணிகளை வீட்டு ஓவனில் வாட்டவே வேண்டாம். அந்த நீலமே கோபால்ட் குளோரைடுதான். ஈரம் குடித்தால் ரோஸ். அதன் தூசியை மூச்சில் இழுத்தால் புற்றுநோய் வரலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. ரொட்டி சுடும் இடத்தில் அது எதற்கு?

பினாங்கு பாயான் லெப்பாஸ் ஸ்டோரில் புது ஜெல்லே இரண்டு நாளில் ரோஸ் ஆகிறது என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் பெட்டி மூடியின் ரப்பர் மேல்தான். பினாங்கின் ஈரக் காற்றுக்குச் சின்ன இடுக்கு போதும்.

சோதிக்க: ரோஸ் ஆன ஜெல்லை வேலையிடத்து ஓவனில், சாப்பாடு வைக்காததில், 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வாட்டுங்கள். கொஞ்சத்தை இறுக்கமான கண்ணாடி ஜாடியில் போட்டு வையுங்கள். மூன்று நாள் கழித்தும் நீலமாகவே இருந்தால் ஜெல்லில் குறையில்லை, பெட்டிதான் ஓட்டை. கறுத்துப் போனால் சூடு மிஞ்சிவிட்டது, தேறாது.

விரலிடுக்கில் அரிப்பு என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். கோபால்ட் ஒவ்வாமை ஒருமுறை ஒட்டினால் லேசில் விடாது. கிளினிக்கில் காட்டுங்கள். நைட்ரைல் கையுறை, கொட்டும்போது மாஸ்க். (நானும் ஒரு காலத்தில் வெறுங்கையால் அள்ளியவன்தான்.)

பழையதைச் சிங்கில் கொட்டாதீர்கள், மீனுக்கும் நஞ்சு. எந்தக் கழிவுத் தொட்டி என்பதைப் பாதுகாப்பு அதிகாரியிடம் கேளுங்கள். அடுத்த ஆர்டருக்குக் கோபால்ட் இல்லாத ஆரஞ்சு ஜெல் கேட்டுப் பாருங்கள்.